தரவு

குற்றவியல் மாணவர்களின் ஆய்வேடுகளில் 'தரவு சேகரிக்கப்பட்டது' என்ற வரி தவறாமல் வருகிறது, மரத்தடியில் உதிர்ந்து கிடந்ததைப் பொறுக்கி வந்ததுபோல. சொல்லின் பொருள் அதுவல்ல. 'வா' வரவானது போல 'தா' தரவாயிற்று, தரப்படுவது தரவு. கலிப்பாவின் முதல் உறுப்புக்கும் இதே பெயர். இலத்தீனின் 'டேட்டா'வும் தரப்பட்டவை என்றே பொருள்படும். தரப்படுவது என்றால் தருபவர் ஒருவர் இருந்தாக வேண்டும். இந்தியாவின் தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் வெளியிடும் ஆண்டறிக்கையைப் பாருங்கள். காவல் நிலையத்தில் பதிவானதே அதில் ஏறும்; ஒரே முதல் தகவல் அறிக்கையில் பல குற்றங்கள் இருந்தால் மிகக் கடுமையான தண்டனைக்குரியது மட்டுமே எண்ணிக்கையில் சேரும். புகார் கொடுக்க அஞ்சி வாசலோடு திரும்பிய பெண்ணுக்கு அந்த அட்டவணையில் இடமில்லை. அந்த எண்களைக் குற்றத்தின் அளவாக எடுத்துக்கொள்ளும் மாணவர், காவல் துறை தந்ததைச் சமூகமே தந்ததாக எண்ணிவிடுகிறார்.

கேள்வியை வகுத்துப் பதிலைக் கேட்டு வாங்குபவர் ஆய்வாளர்தானே, 'தரவு' என்பதை விட்டு 'திரட்டு' என்று சொன்னால் என்ன என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான், ஆனால் திரட்டியவரை நினைவூட்டும் அச்சொல் பதில் சொன்னவரை மறைத்துவிடும். 'டேட்டா' என்றே எழுதினாலும் சிக்கல் தீராது. பேச்சில் அது கைபேசியில் மாலைக்குள் தீர்ந்துபோகும் இணைய அளவாகிவிட்டது.