கெடா தோட்டத் தமிழரின் உணவும் ஊட்டமும்

மலேசியாவின் வடமேற்கில் உள்ள கெடா மாநிலத்தின் ரப்பர் தோட்டங்களுக்கு இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இருந்து தமிழ்நாட்டுத் தொழிலாளர்கள் பெருமளவில் வந்து சேர்ந்தார்கள். அவர்களும் அவர்களின் வழிவந்தோரும் உண்ட உணவு, அந்த உணவு அவர்களின் உடலுக்குத் தந்ததும் தராமல் விட்டதும், காலப்போக்கில் அது மாறிய விதம் ஆகியவை பற்றியது இக்கட்டுரை.

கெடா இரு வேறு நிலங்களால் ஆனது. வடக்கே அலோர்ஸ்டாரைச் சுற்றிக் கடல்போல் விரிந்த நெல்வயல். நாட்டின் நெற்களஞ்சியம் என்ற பெயரை மாநிலத்துக்கு வாங்கித் தந்தது இந்தச் சமவெளிதான். தெற்கே சுங்கைப்பட்டாணி, பீடோங், கூலிம், பாடாங் செராய், பாலிங் வட்டாரங்களில் ரப்பர். தமிழர்கள் வாழ்ந்தது பெரும்பாலும் தெற்கில். நெல் விளையும் மாநிலத்திலேயே இருந்தும், போருக்கு முன்பு தோட்டத்து லயங்களில் (தொழிலாளரின் வரிசை வீடுகளில்) பொங்கியது பெரும்பாலும் ரங்கூனிலிருந்து கப்பலேறி வந்த புழுங்கலரிசி. தஞ்சையிலும் திருச்சியிலும் சேலத்திலும் பழகிய வாய்க்கு அதுவே பிடித்தது. நிர்வாகமும் அதையே வரவழைத்துக் கொடுத்தது. யாரும் மருத்துவக் காரணத்துக்காக அதைத் தேர்ந்தெடுக்கவில்லை. ஆனால் அந்தப் பழக்கம் ஆயிரக்கணக்கான உயிர்களைக் காத்தது.

அக்காலத்தில் மலாயாவைப் பெரிபெரி என்னும் நோய் வாட்டிக்கொண்டிருந்தது. கால்கள் மரத்துப்போகும், வீங்கும், நடை தள்ளாடும், இதயம் விரிந்து திடீரெனச் சாவு வரும். ஈயச் சுரங்கங்களில் வேலை செய்த சீனத் தொழிலாளர்கள் இதற்குக் கொத்துக்கொத்தாகப் பலியானார்கள். அதே மருத்துவமனைகளுக்கு வந்த தமிழர்களிடம் இந்நோய் அரிதாகவே தென்பட்டது. நெகிரி செம்பிலானில் அரசு மருத்துவராக இருந்த பிராடன் இந்த வேறுபாட்டைப் பல ஆண்டுகள் கவனித்து, சீனர் உண்ட தீட்டிய வெள்ளை அரிசியே காரணம் என்று 1907-இல் நூலாக எழுதினார். அரிசி பழசாகும்போது அதில் ஏதோ நஞ்சு உண்டாகிறது என்று அவர் நினைத்தார், அது சரியல்ல. அரிசியைச் சுட்டிக்காட்டியது மட்டும் சரி.

கோலாலம்பூரில் 1900-இல் தொடங்கப்பட்ட மருத்துவ ஆய்வுக் கழகத்தின் ஃபிரேசரும் ஸ்டாண்டனும் அடுத்த அடியை எடுத்து வைத்தார்கள். சாலை போடும் வேலையில் இருந்த சுமார் 300 ஜாவானியத் தொழிலாளர்களை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு வெள்ளை அரிசியும் மற்றதற்குப் புழுங்கலரிசியும் கொடுத்தார்கள். வெள்ளை அரிசி உண்டவர்களிடம் பெரிபெரி தலைகாட்டியது. அரிசியை மாற்றிக் கொடுத்தபோது நோயும் இடம் மாறியது. இதன் முடிவு 1909-இல் வெளியானது. பாங்காக் உடன்படிக்கையின்படி கெடா சயாமின் மேலாண்மையிலிருந்து பிரிட்டிஷாரின் மேலாண்மைக்குக் கைமாறியதும் அதே ஆண்டில்தான். தெற்குக் கெடாவில் காடழித்து ரப்பர் நட்ட பெரும் பரவலும், அதற்கான தமிழ்த் தொழிலாளர் வருகையும் அதன்பின் வேகம் பிடித்தன. வந்தவர்களின் உலையில் இருந்த அரிசி எது என்பது எத்தனை பெரிய விஷயம் என்பதை அப்போது சோதனைச்சாலைக்கு வெளியே அறிந்தவர்கள் மிகச் சிலரே.

புழுங்கலரிசியில் நடப்பது இதுதான். நெல்லை ஊறவைத்து உமியோடு வேகவைக்கும்போது தவிட்டிலும் முளையிலும் இருக்கும் பி1 உயிர்ச்சத்து நீரில் கரைந்து, அரிசியின் வெண்பகுதிக்குள் ஊறி இறங்குகிறது. நெல் காயும்போது அது உள்ளேயே தங்கிவிடுகிறது. பிறகு ஆலையில் எவ்வளவு தீட்டினாலும் முழுவதும் போய்விடாது. பச்சரிசியிலோ அந்தச் சத்து வெளித்தோலோடு சேர்ந்து தவிடாக வெளியேறுகிறது. மாவுச்சத்தை எரித்து ஆற்றலாக்க உடலுக்கு பி1 கட்டாயம் வேண்டும். சோற்றை மலைபோல் உண்டு பி1 இல்லாதவரின் நரம்பும் இதயமும் பட்டினி கிடக்கும். இச்சத்தைத் தனியே பிரித்தெடுத்தது 1926-இல், பத்தாவியாவில் (இன்றைய ஜகார்த்தா).

சோறு மட்டும் உடலை வளர்க்காது. தசைக்கும் குருதிக்கும் புரதம், உடலின் வெப்பத்துக்கும் சேமிப்புக்கும் கொழுப்பு, சிறு அளவிலேயே வேலை செய்யும் உயிர்ச்சத்துகள், இரும்பு, சுண்ணாம்பு, அயோடின் போன்ற தாதுக்கள், நார்ச்சத்து, நல்ல நீர் எல்லாம் வேண்டும். தோட்டத்தில் இவை ஒவ்வொன்றும் எங்கிருந்து வந்தது என்று பார்த்தால் அக்கால வாழ்க்கையே தெரியும். துவரம்பருப்பும் மைசூர் பருப்பும் புரதம் தந்தன. பருப்பில் குறைவாக உள்ள புரதக் கூறு அரிசியிலும், அரிசியில் குறைவானது பருப்பிலும் இருப்பதால் சோறும் சாம்பாரும் ஒன்றையொன்று நிரப்பின. நெத்திலியை முள்ளோடு உண்பதால் சுண்ணாம்புச்சத்து கிடைத்தது. கருவாடு மலிவான புரதம்தான். ஆனால் அதோடு உப்பும் ஏராளமாக உள்ளே போனது. லயத்துக்குப் பின்னால் முருங்கை, பசலை, சிறுகீரை, மரவள்ளி, பப்பாளி. கூட்டரசு மலாய் மாநிலங்களின் 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், குடும்பமுள்ள இந்தியத் தொழிலாளருக்குப் பயிரிடவும் மாடு மேய்க்கவும் ஏக்கரில் பதினாறில் ஒரு பங்கு நிலம் ஒதுக்கச் சொன்னது. சட்டப் புத்தகத்தில் ஒரு வரிதான். அத்தகைய துண்டு நிலமும் அதில் கட்டிய பசுவும் இருந்த வீட்டுக் குழந்தைக்கும், இல்லாத வீட்டுக் குழந்தைக்கும் உடலில் வேறுபாடு தெரிந்திருக்கும்.

பால்மரம் வெட்டுவோரின் நாள் விடியுமுன் பெரட்டில், அதாவது ஆள் கணக்கெடுப்பில், தொடங்கும். இரவு நீரூற்றி வைத்த பழைய சோறு, பச்சை மிளகாய், சுட்ட கருவாடு, அல்லது பாலில்லாத வெறும் காப்பி ஓ. ஒருவருக்கு நாளொன்றுக்கு நானூறு முதல் அறுநூறு மரம். மேட்டிலும் பள்ளத்திலும் குனிந்து நிமிர்ந்து வெட்டி, பால் எடுத்து, வாளி சுமந்து கொட்டகைக்குக் கொண்டு சேர்க்க வேண்டும். இந்த உழைப்புக்கு உண்ட மாவுச்சத்து முழுவதும் செலவாகிவிடும். உடம்புக்குப் போதாமல் போனது இரும்பு. மலேரியா குருதியைக் கெடுத்தது. வெறுங்காலில் நடந்தவர்களின் குடலில் கொக்கிப்புழு குருதியை உறிஞ்சியது. அடுத்தடுத்துப் பிள்ளை பெற்ற பெண்களின் நிலை இன்னும் மோசம். தோட்டத்துப் பெண்ணின் சோகையை உணவுக் குறை என்று மட்டும் எழுதுவது அநியாயம்; அதில் கொசுவுக்கும் கழிப்பிடம் இல்லாத லயத்துக்கும் சரிபங்கு உண்டு.

குழந்தைகளின் கதை தனி. தாய் வெட்டுக்குப் போக, பிள்ளை ஆயாக்கொட்டகையில் இருக்கும். தாய்ப்பால் கிடைக்காத நேரத்தில் புட்டியில் கலக்கப்பட்டது டின் பால். இனிப்பூட்டிய கெட்டிப்பாலில் ஏறத்தாழ பாதி சர்க்கரை. அதை நீர்க்கக் கரைத்தால் புரதம் மேலும் குறையும், தண்ணீர் சுத்தமில்லையென்றால் வயிற்றுப்போக்கும் சேரும். ஆப்பிரிக்காவின் கோல்ட் கோஸ்டில் புரதக் குறை நோயான குவாஷியார்க்கரை விவரித்த மருத்துவர் சிசிலி வில்லியம்ஸ் 1936-இல் மலாயாவுக்கு மாற்றப்பட்டார். 1939-இல் சிங்கப்பூர் ரோட்டரி சங்கத்தில் அவர் ஆற்றிய உரையின் தலைப்பு ‘பாலும் கொலையும்’. இனிப்புக் கெட்டிப்பாலைக் குழந்தை உணவென்று விற்பது கொலைக்குச் சமம் என்று வணிகர்கள் நிறைந்த அவையில் நேருக்கு நேர் சொன்னார். மலாயாவின் ஊட்ட வரலாற்றில் அதைவிடத் துணிச்சலான பேச்சு இல்லை எனலாம். பின்னர் ஜப்பானியர் சிறையில் அவரையே பெரிபெரி தாக்கியது.

ஜப்பானியர் ஆட்சி (1941–1945) பழைய ஏற்பாட்டை ஒரேயடியாக உடைத்தது. பர்மா அரிசி நின்றுபோனது. 1943 அக்டோபரில் கெடா சயாமிடம் ஒப்படைக்கப்பட்டது. ஆனாலும் அரிசிப் பஞ்சம் தீரவில்லை. தோட்டத்தில் மரவள்ளிதான் சோறானது. மரவள்ளியில் மாவுச்சத்து உண்டு, புரதம் நூற்றுக்கு இரண்டு பங்கு கூட இராது. அதையே மூன்று வேளையும் உண்டவர்கள் வயிறு நிறைந்தும் மெலிந்தார்கள். உடம்பில் ஆறாப்புண்கள் பரவின. கெடாத் தோட்டங்களிலிருந்து ஜப்பானியர் அமைத்த சயாம் மரண ரயில் பாதை வேலைக்குக் கொண்டு செல்லப்பட்டவர்களுக்கு இதைவிடக் கொடுமை. அங்கே காலராவும் புண்ணும் தின்றது போக, முன்னோரை அரிதாகவே அண்டிய பெரிபெரியும் தமிழரை வந்து பிடித்தது.

போருக்குப் பின் கெடாவில் எழுந்த தொண்டர் படையை அரசியல் வரலாறாக மட்டுமே எழுதுவது வழக்கம். பீடோங் அருகே ஹார்வர்ட் தோட்டத்தைச் சேர்ந்த ஏ. எம். சாமி தலைமையில் அப்படை கள்ளுக்கடைகளை எதிர்த்து நின்றது. 1947-இல் பீடோங் வட்டாரத்தில் காவல்துறையோடு மோதல் வெடித்தது. கள்ளில் பி வகைச் சத்து கொஞ்சம் உண்டு என்பது உண்மை. ஆனால் கூலியில் கள்ளுக்கடைக்குப் போன ஒவ்வொரு காசும் பருப்புக்கும் பாலுக்கும் போயிருக்க வேண்டிய காசு. அந்தக் கணக்கைத் தாய்மார்கள் நன்றாக அறிந்திருந்தார்கள். தொண்டர் படையின் போராட்டம் ஊட்டத்துக்கான போராட்டமும்தான்.

1948-இல் அவசரகாலம் வந்தது. காட்டுக்குள் இருந்த கம்யூனிஸ்டுப் படைக்கு உணவு போகாமல் தடுக்க அரிசி அளந்து விற்கப்பட்டது. கட்டுப்பாடு கடுமையாக இருந்த இடங்களில் டின்களை விற்கும்போதே துளையிட்டுக் கொடுத்தார்கள், சேர்த்துவைக்க முடியாதபடி. வெட்டுக்குப் போகிறவர்கள் சோறு கட்டிக்கொண்டு போகத் தடை இருந்தது. பத்து மணிப் பசியாறல் இல்லாமல் மதியம் வரை மரம் வெட்டிய உடல்களை நினைத்துப் பார்க்க வேண்டும். குறைந்த வருமானத்தாரின் உடல்நலம், உணவு, பொருளாதார நிலை பற்றி பர்ஜஸும் லைடின் பின் அலாங் மூசாவும் எழுதிய மருத்துவ ஆய்வுக் கழக அறிக்கை 1950-இல் வந்தது. ஏழைகளின் தட்டை மலாயாவில் முறையாக அளந்து பார்த்த முன்னோடி முயற்சிகளில் அது ஒன்று.

விடுதலைக்குப் பின் வந்த மாற்றங்களில் பள்ளி உணவு முக்கியமானது. 1979-இல் தொடங்கிய துணை உணவுத் திட்டமும், 1983-இல் வந்த பள்ளிப் பால் திட்டமும் தோட்டத் தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகளுக்கு ஒரு வேளைப் பசியாறலை உறுதி செய்தன. வீட்டில் கறுப்புத் தேநீரோடு கிளம்பி வந்த பிள்ளைக்கு அது பாடத்தைவிட முக்கியம்.

பிறகு ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. தோட்டங்கள் துண்டாடப்பட்டன, விற்கப்பட்டன, வீடமைப்புத் திட்டங்களாகவும் தொழிற்பேட்டைகளாகவும் மாறின. லயத்தை விட்டவர்கள் சுங்கைப்பட்டாணியிலும் கூலிமிலும் மலிவு விலை வீடுகளுக்குக் குடிபெயர்ந்தார்கள். வேலை தொழிற்சாலைக்கு மாறியது. கொல்லைக் கீரையும் பசுமாடும் கோழியும் இல்லாமல் போயின. சோற்றின் அளவு மட்டும் பால்மரம் வெட்டிய நாளில் இருந்தபடியே இருந்தது. காலையில் இரண்டு ரொட்டி சனாய் உண்டால் 600 கலோரி அளவுக்குச் சேரும். அதோடு ஒரு தே தாரிக் (ஆற்றிய பால் தேநீர்). அதில் ஊற்றப்படுவது இன்று பெரும்பாலும் செம்பனை எண்ணெய் கலந்த இனிப்புக் கிரீமர். செம்பனைப் பழத்தின் சிவப்பு எண்ணெயில் ஏ உயிர்ச்சத்தாக மாறும் கரோட்டின் நிறைய உண்டு. சுத்திகரித்து நிறம் நீக்கும்போது அது போய்விடுகிறது. சுற்றிலும் செம்பனை நிற்கும் ஊரில் அந்தச் சத்துக்கு முருங்கைக்கீரையைத்தான் நம்ப வேண்டியிருக்கிறது.

தேசிய உடல்நல ஆய்வின்படி 2019-இல் மலேசியப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது; இந்தியர்களிடையே அது 31.4 விழுக்காடு. அதே ஆய்வில் பிள்ளைபெறும் வயதுப் பெண்களில் 29.9 விழுக்காட்டினருக்குச் சோகை. மிகையும் குறையும் ஒரே வீட்டில், சில சமயம் ஒரே உடலில் இருக்கின்றன என்பதை இந்த எண்கள் காட்டுகின்றன. கீரையில் உள்ள இரும்பை உடல் எளிதில் ஏற்காது. எலுமிச்சையோ கொய்யாவோ சேர்ந்தால் ஏற்கும், சாப்பாட்டோடு குடிக்கும் தேநீர் அதைத் தடுக்கும். சாப்பிட்டு ஒரு மணிநேரம் கழித்துத் தேநீர் குடிப்பது செலவில்லாத மருந்து. சுகாதார அமைச்சு இப்போது பரப்பும் ‘சுக்கு சுக்கு செப்பாரோ’ (கால், கால், பாதி) தட்டில் கால் பங்கு சோறு, கால் பங்கு மீன், கோழி அல்லது பருப்பு, மீதிப் பாதி காயும் பழமும். நல்ல அளவுதான். ஆனால் வாழையிலைச் சாப்பாட்டில் சோறு நடுவிலும் காய்கள் ஓரத்திலும் இருக்கும். கிளினிக்கில் நோயாளியிடம் சோற்றைக் குறையுங்கள் என்று மட்டும் சொல்லி அனுப்பினால், குறைந்த இடத்தை நிரப்பும் காயின் விலை யாருக்குக் கட்டும் என்ற கேள்வி அப்படியே நிற்கும்.

2019 ஜூலையில் அரசு சர்க்கரைப் பானங்களுக்கு வரி விதித்தது: 100 மில்லிலிட்டரில் 5 கிராமுக்கு மேல் சர்க்கரை உள்ள குளிர்பானத்துக்கு லிட்டருக்கு 40 சென். பின்னர் அது உயர்த்தவும் பட்டது. டின்னிலும் புட்டியிலும் அடைத்து வரும் பானத்துக்குத்தான் அந்த வரி. கடையில் ஆற்றித் தரும் தே தாரிக்குக்கு இல்லை.