நியாயமான மாற்றம் செய்யும் கடமை: பிரிட்டன் சட்டம்

ஒரு விதியோ கட்டடமோ மாற்றுத்திறனாளியை வேலையிலும் கல்வியிலும் சேவைகளிலும் மற்றவர்களைவிடப் பின்தள்ளினால், அந்தத் தடையை நீக்கித் தரும் பொறுப்பை முதலாளி, கல்வி நிறுவனம், சேவை வழங்குவோர் ஆகியோர் மீது பிரிட்டன் சட்டம் சுமத்துகிறது. இதுவே நியாயமான மாற்றம் செய்யும் கடமை எனப்படுகிறது. இங்கிலாந்து, வேல்ஸ், ஸ்காட்லாந்து ஆகியவற்றுக்குரிய 2010-ஆம் ஆண்டுச் சமத்துவச் சட்டத்தின் 20, 21-ஆம் பிரிவுகள் இக்கடமையை விவரிக்கின்றன. வட அயர்லாந்தில் இன்றும் 1995-ஆம் ஆண்டின் பழைய சட்டமே நடப்பில் உள்ளது.

இனம், பால் பற்றிய பாகுபாட்டுச் சட்டங்கள் பெரும்பாலும் எல்லாரையும் ஒரே மாதிரி நடத்தச் சொல்பவை. ஊனம் தொடர்பாக அது போதாது. படிக்கட்டு எல்லாருக்கும் பொதுதான். ஏற முடியாதவருக்கோ அந்தப் பொதுமையே தடை. ஆகவே இங்கே வேறுபடுத்தி நடத்தும்படி சட்டமே கட்டளையிடுகிறது. மாற்றுத்திறனாளிக்குக் கூடுதல் சலுகை தரப்பட்டது என்று மற்றொருவர் பாகுபாட்டு வழக்குப் போட முடியாது.

இந்த நிலைக்கு வர நாடு நீண்ட காலம் எடுத்துக்கொண்டது. 1944-ஆம் ஆண்டுச் சட்டம் 20 பேருக்குக் குறையாமல் வேலை கொடுக்கும் நிறுவனங்களில் 3 சதவீத இடங்களை மாற்றுத்திறனாளிகளுக்கு ஒதுக்கியது; அதை மீறியவர்கள் மீது வழக்குத் தொடர்வது மிக அரிதாக இருந்ததால் ஒதுக்கீடு ஏட்டளவில் நின்றது. 1990-களில் சக்கர நாற்காலியில் வந்தவர்கள் லண்டன் பேருந்துகளோடு தங்களைச் சங்கிலியால் பிணைத்துக்கொண்டு மறியல் செய்தனர். 1994-இல் வந்த மாற்றுத்திறனாளிகள் உரிமை மசோதாவை அரசுத் தரப்பு திருத்தங்களைக் குவித்துச் சாகடித்தது. அப்போது மாற்றுத்திறனாளிகள் நலத்துக்குப் பொறுப்பாக இருந்த அமைச்சர் நிக்கோலஸ் ஸ்காட். அவர் பதவி விலக வேண்டுமென்று கேட்டவர்களில் அவருடைய மகளும் ஒருவர். அந்த மகள் மாற்றுத்திறனாளி அமைப்பொன்றுக்காகப் பணியாற்றி வந்தார். ஸ்காட்டுக்குப் பின் வந்த வில்லியம் ஹேக் கொண்டுவந்த மசோதாதான் 1995-ஆம் ஆண்டின் ஊனமுற்றோர் பாகுபாட்டுச் சட்டமாக நிறைவேறியது. 20 பேருக்குக் குறைவாக வேலை கொடுப்போருக்கு அது விலக்கு அளித்தது. 1998-இல் 15 ஆகக் குறைக்கப்பட்ட அந்த வரம்பு, ஐரோப்பிய ஒன்றியத்தின் 2000-ஆம் ஆண்டு உத்தரவின் விளைவாக 2004-இல் அடியோடு நீங்கியது.

இன்றைய சட்டப்படி, அன்றாடக் காரியங்களைக் கணிசமாகப் பாதிக்கும், 12 மாதமாவது நீடித்த அல்லது நீடிக்கக்கூடிய உடல் அல்லது மனக் குறைபாடு ஊனமாகும். புற்றுநோய், எச்.ஐ.வி., மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் ஆகியவற்றுக்கு இந்தச் சோதனை இல்லை; நோய் கண்டறியப்பட்ட நாளிலிருந்தே பாதுகாப்பு உண்டு.

கடமை மூன்று வகையில் எழும். ஒரு விதியோ நடைமுறையோ பாதகமாக இருந்தால் அதைத் தளர்த்த வேண்டும்: காலை எட்டு மணிப் பணியைப் பத்து மணிக்கு மாற்றுவது போல. கட்டட அமைப்பு தடையாக இருந்தால் சாய்தளம், அகன்ற கதவு போன்றவை தேவைப்படும். மூன்றாவது, துணைக் கருவியும் துணைச் சேவையும்: திரைவாசிப்பு மென்பொருள், சைகைமொழி பெயர்ப்பாளர் போன்றவை. எந்த வகையானாலும் செலவை மாற்றுத்திறனாளியின் தலையில் கட்டக் கூடாது. எது நியாயமானது என்பதை, மாற்றத்தால் தடை உண்மையில் நீங்குமா, செலவு என்ன, நிறுவனத்தின் வசதி என்ன என்பனவற்றை வைத்து நீதிமன்றம் முடிவு செய்கிறது. பெரிய வங்கியிடம் எதிர்பார்ப்பதைத் தெருமுனைக் கடையிடம் எதிர்பார்க்க முடியாது. பணியிடச் செலவின் ஒரு பகுதியை அரசின் உதவித்திட்டம் ஏற்கவும் கூடும் என்பதால், பணமில்லை என்ற சாக்கு எளிதில் எடுபடாது.

முதலாளியின் கடமை குறிப்பிட்ட ஊழியரைச் சார்ந்தது. அவருடைய ஊனம் முதலாளிக்குத் தெரியாமலும், தெரிந்திருக்க நியாயமில்லாமலும் இருந்தால் கடமை எழாது. சேவை வழங்குவோர் நிலை வேறு. வாடிக்கையாளர் வாசலில் வந்து நிற்கும்வரை காத்திராமல், வரக்கூடியவர்களை எண்ணி முன்கூட்டியே அவர்கள் ஏற்பாடு செய்திருக்க வேண்டும்.

கடமையின் ஆழத்தைக் காட்டியது ஸ்காட்லாந்தின் ஃபைஃப் கவுன்சில் வழக்கு. அங்கே தெரு பெருக்கும் பணியாளர் ஒருவர் சிறிய அறுவைச் சிகிச்சையின் பின்விளைவால் நடக்க முடியாமல் போனார். அதே கவுன்சிலில் நூற்றுக்கும் மேற்பட்ட அலுவலகப் பணிகளுக்கு விண்ணப்பித்தார்; ஒவ்வொன்றிலும் போட்டித் தேர்வுமுறையில் தோற்று, கடைசியில் வேலையிழந்தார். போட்டியில்லாமலேயே வேறு பணிக்கு மாற்றுவதும் நியாயமான மாற்றமாகலாம் என்று 2004-இல், அப்போது உச்ச மேல்முறையீட்டு மன்றமாகவும் இருந்த பிரபுக்கள் அவை தீர்ப்பளித்தது. எல்லைகளும் உண்டு. நோய்விடுப்பில் இருப்பவருக்கு முழுச் சம்பளத்தை நீட்டித்துக்கொண்டே போவது பொதுவாக நியாயமான மாற்றமாகாது என்று 2007-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் கூறியது. வேலைக்குத் திரும்ப உதவுவதே சட்டத்தின் நோக்கம் என்பது அதன் கருத்து. பல்கலைக்கழகங்களைப் பொறுத்தவரை, சோதிக்கப்படும் திறனின் தரத்தைக் குறைக்க வேண்டியதில்லை. சோதிக்கும் முறையை மாற்றலாம். கடும் சமூக அச்சம் கொண்ட இயற்பியல் மாணவி ஒருவர், வாய்மொழித் தேர்வு நடக்கவிருந்த நாளில் இறந்துபோன பிரிஸ்டல் பல்கலைக்கழக வழக்கில், 2024-இல் உயர் நீதிமன்றம் இந்த வேறுபாட்டை வைத்தே பல்கலைக்கழகம் கடமை தவறியதை உறுதி செய்தது.

மாற்றம் செய்ய மறுப்பதே பாகுபாடு என்ற கருத்தை 2006-ஆம் ஆண்டின் ஐ.நா. உடன்படிக்கை உலக அளவில் ஏற்றது. இந்தியாவின் 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டமும் பாகுபாட்டின் வரையறைக்குள் அதைச் சேர்த்திருக்கிறது.

பிரிட்டன் சட்டத்தின் பலவீனம் நடைமுறைப்படுத்துவதில் இருக்கிறது. சமத்துவ, மனித உரிமை ஆணையம் சில வழக்குகளுக்கு உதவினாலும், பெரும்பாலும் பாதிக்கப்பட்டவர்தான் வழக்காட வேண்டும். வேலை வழக்குகளைத் தீர்ப்பாயம் விசாரிக்கிறது. அங்கே இழப்பீட்டுக்கு உச்சவரம்பு கிடையாது, வழக்கமாக அவரவர் செலவு அவரவருக்கு. சேவை வழக்குகள் சாதாரண உரிமையியல் நீதிமன்றத்துக்குப் போகின்றன. இங்கிலாந்தில் தோற்றவர் எதிர்த்தரப்பின் செலவையும் கட்ட நேரலாம் என்பதால் பலர் வாசற்படி ஏறுவதில்லை. வென்றாலும் கைக்கு வருவது சொற்பம். 2012-இல் லீட்ஸ் செல்லும் பேருந்தில் சக்கர நாற்காலிக்குரிய இடத்தில் குழந்தைத் தள்ளுவண்டி நின்றதால் ஏற முடியாத பயணி, ஃபர்ஸ்ட்குரூப் நிறுவனத்தின் மீது தொடுத்த வழக்கு ஐந்து ஆண்டு நடந்தது. இடம் விடும்படி ஒரு முறை கேட்பதோடு ஓட்டுநர் நிற்கக் கூடாது, மறுப்பது நியாயமற்றதாகத் தோன்றினால் மேலும் வற்புறுத்த வேண்டும் என்று 2017-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆனால் கீழ் நீதிமன்றம் அவருக்குக் கொடுத்து, பின்னர் மேல்முறையீட்டில் ரத்தான 5,500 பவுண்டு இழப்பீட்டைப் பெரும்பான்மை நீதிபதிகள் திரும்ப வழங்கவில்லை.