நிலவைக் கண்ட கண்ணாடிக் கூடம்

மாந்தர் நிலவில் கால் வைத்தது 1969-ஆம் ஆண்டில். திரையிலோ அவர்கள் 67 ஆண்டுகளுக்கு முன்னரே, 1902-இல், அங்குச் சென்று திரும்பிவிட்டனர். பாரிஸ் நகரையடுத்த மோன்த்ரெய் என்னும் ஊரிலிருந்த ஒரு கண்ணாடிக் கூடமே அப்பயணம் நிகழ்ந்த இடம். நிகழ்த்தியவர் ஜார்ஜ் மெலியே. 'நிலவுக்கு ஒரு பயணம்' என்னும் அப்படத்தை இன்று நம் குடியிருப்புச் சிறுவர்கள் கைப்பேசியிலேயே கண்டு களிக்கலாம். ஏறத்தாழக் கால்மணி நேரப் படம்தான். அஃது உருவான வகையையும், ஆக்கியவர் உற்ற கதியையும் அறிந்து காண்பது நலம் என எண்ணுகிறோம்.

காலணித் தொழிற்சாலை நடத்திய செல்வரின் மகன் மெலியே. தம் பங்கை உடன்பிறந்தாருக்கு விற்று, 1888-இல் மாயவித்தை அரங்கொன்றை வாங்கினார். 1895 டிசம்பரில் லூமியேர் சகோதரர்களின் சலனப்படத்தைக் கண்டதும் அக்கருவியை விலைக்குக் கேட்டார், அவர்கள் மறுத்தனர். லண்டனில் வேறொரு கருவியை வாங்கி, அதன் அமைப்பைக் கொண்டே தமக்கொரு காமிராவைச் செய்துகொண்டார். 1897-இல் மோன்த்ரெய்க் கூடம் எழுந்தது. கதிரவனே அன்று விளக்காதலின், கூரையும் சுவரும் கண்ணாடியாயின.

நிலவுப் படத்துக்கு மூன்று திங்களும் பத்தாயிரம் பிராங்குகளும் செலவாயின என்பது அவரே சொன்ன கணக்கு. நாடக நடிகர் பலர் சலனப்படத்தில் தலைகாட்டுவதை இழுக்கெனக் கருதிய காலம் அது. எனவே விண்மீன்களாக நாட்டிய மகளிரும், நிலவுவாசிகளாகக் கரணமடிக்கும் வித்தைக்காரரும் வந்தனர். அறிஞர் கூட்டத்தின் தலைவராக மெலியேயே வேடம் பூண்டார். அக்காலப் பிலிமில் சிவப்பு கறுப்பாகவும் நீலம் வெண்மையாகவும் விழும். ஆதலால் திரைச்சீலை முதல் ஆடை வரை யாவும் சாம்பல் நிறச் சாயல்களிலேயே தீட்டப்பெற்றன!

குடையடி பட்ட நிலவுவாசி புகையாய் மறைகிறான் அல்லவா? அடி விழும் கணத்தில் காமிரா நிற்கும். ஏனையோர் கைகால் அசையாது சிலையென நிற்க, அடிபட்டவர் மெல்ல நழுவுவார். அவ்விடத்தில் புகை கிளம்பியதும் காமிரா மீண்டும் சுழலும். பின்னர் வேண்டாத பிலிமை வெட்டி ஒட்டிவிடுவார்கள். நிலவின் முகம் நம்மை நோக்கி வருவதாகத் தோன்றும் காட்சியில் காமிரா அசையவேயில்லை. முகமே அதனை நோக்கி இழுத்து வரப்பட்டது. தந்திரம் எளிது, பொறுமை அரிது.

வண்ணப் படிகளும் விற்பனைக்கு வந்தன. பாரிஸில் திருமதி துய்யே என்பவரின் பட்டறையில் பெண்கள் பலர் அமர்ந்து, கட்டம் கட்டமாகத் தூரிகையால் வண்ணமிட்டனர். அப்பெண்களின் பெயரை எப்படமும் காட்டவில்லை.

படம் கடல் கடந்து புகழ் பெற்றது. பொருளோ பிறர் கைக்குப் போயிற்று. அமெரிக்காவில் எடிசன் நிறுவனம் உட்படப் பலர் திருட்டுப் படிகள் எடுத்து விற்றனர். இதனைத் தடுக்கவே மெலியே தம் தமையனார் கஸ்தோனை 1903-இல் நியூயார்க்கிற்கு அனுப்பினார். எனினும் ஆண்டுகள் செல்லச் செல்லக் கடன் முற்றியது. முதல் உலகப் போரின்போது அவர் படங்களுள் பலவற்றைப் படைத்துறை கைப்பற்றி உருக்கிற்று; அந்தச் செல்லுலாய்டு காலணிகளின் குதியாயிற்றாம். காலணித் தொழிலை உதறி வந்தவருக்கு நேர்ந்ததைப் பாருங்கள்! 1923-இல் கூடமும் கைவிட்டுப் போகவே, எஞ்சிய மூலப்படங்களைத் தம் கையாலேயே எரித்தார். பிறகு பல ஆண்டுகள் மோன்பர்னாஸ் இரயில் நிலையத்தில் பொம்மையும் மிட்டாயும் விற்றார். 1931-இல் பிரெஞ்சு அரசின் விருது வந்தது, 1938-இல் மறைந்தார்.

அழிந்ததென எண்ணிய வண்ணப் படியொன்று 1993-இல் பார்சிலோனாவில் வெளிப்பட்டது. பிலிம் இறுகிக் கட்டியாய்க் கிடந்தது. பிரெஞ்சு வல்லுநர் அதனைச் சிறிது சிறிதாகப் பிரித்துப் படமெடுத்து, சிதைந்த பகுதிகளைக் கறுப்பு வெள்ளைப் படிகளைக் கொண்டு நிரப்பினர். 2011 மே திங்களில் கான் விழாவில் அது மீண்டும் திரையேறியது. பீரங்கியருகே அசைக்கும் கொடியில் பிரெஞ்சு நிறங்கள் இல்லை; ஸ்பெயினின் சிவப்பும் மஞ்சளும் இருந்தன. அந்நாட்டில் காட்டுவதற்கென்று, பெயரறியாத ஏதோ ஒரு கை தீட்டிய கொடி அது.