வயலுக்கு வந்த பொம்மை விமானம்

எங்க பக்கத்துல நெல்லுக்கு ட்ரோன்ல மருந்தடிக்கிறது இப்ப சாதாரணமாயிடுச்சு. டவுன்ல இருந்து வர்ற சொந்தக்காரங்க அதைப் பார்த்ததும் கேக்கிற முதல் கேள்வி, "இது மிலிட்டரிக்காரன் கண்டுபிடிச்சதுதானே?" அது பாதிதான் சரி. இந்த ட்ரோனோட வம்சாவளியைத் தேடிப் போனா, லேசான கட்டையும் பசையும் காகிதமும் வச்சு வீட்டு மேஜையில விமானப் பொம்மை செஞ்சவங்ககிட்டதான் போய் நிக்கும். மிலிட்டரி நடுவுல வந்து சேர்ந்த சம்பந்தி.

முதல் பாட்டன் பிரான்ஸ் நாட்டுக்காரர், அல்ஃபோன்ஸ் பெனோ. 1871-ல பாரீஸ் நகரத்து துயிலரி பூங்காவுல ஒரு சின்ன விமானத்தைப் பறக்கவிட்டார். எஞ்சின் கிடையாது. ரப்பரை முறுக்கிவிட்டா அது பிரியற வேகத்துல விசிறி சுத்தும். 11 விநாடியில சுமார் 40 மீட்டர் போச்சு. எங்க வயல் ஒரு வரப்புல இருந்து அடுத்த வரப்பு வரைக்கும்னு வச்சுக்கங்க. ஆனா யாரும் ஏறாத ஒரு பொருள், தானே தடுமாறாம நேரா பறந்தது. வால்ல சின்ன இறக்கை வச்சு அதைச் சரியான கோணத்துல சாய்ச்சா விமானம் தன்னைத்தானே நிலைப்படுத்திக்கும்னு அவர் காட்டினார்.

அவர் கண்டுபிடிச்ச இன்னொரு ரப்பர் பொம்மை, நேரா மேல எழும்பற ஹெலிகாப்டர். அதே மாதிரி ஒண்ணை 1878-ல அமெரிக்காவுல ஒரு பாதிரியார் தன் ரெண்டு பையன்களுக்கு வாங்கிட்டு வந்தார். அது உடையற வரைக்கும் விளையாடிட்டு, அப்புறம் அவங்களே அதைப் பார்த்து வேற செஞ்சாங்க. அந்தப் பையன்கள்தான் ரைட் சகோதரர்கள். ஆகாய விமானத்து மேல ஆசை வந்தது அந்தப் பொம்மையாலதான்னு அவங்களே பின்னால சொல்லியிருக்காங்க.

1927-ல லிண்ட்பெர்க் தனி ஆளா அட்லாண்டிக் கடலைத் தாண்டினதும் அமெரிக்கப் பசங்களுக்கு விமானப் பைத்தியம் பிடிச்சது. அப்பதான் 'கிட்' வியாபாரம் பெருகிச்சு. 1930-கள்ல, பஞ்ச காலத்துலகூட, 10 சென்டுக்கு ஒரு பெட்டி கிடைச்சது. உள்ள விமானம் இருக்காது. விமானத்துக்கான சாமான்தான் இருக்கும். நிஜ அளவுல அச்சடிச்ச வரைபடம் ஒண்ணு, பாகங்களோட கோடு போட்ட மெல்லிய பலகை, குச்சிகள், டிஷ்யூ காகிதம். மிச்சம் எல்லாம் நம்ம கை வேலை.

அந்த வேலை எப்படி இருக்கும்னு நான் கிட்ட இருந்து பார்த்திருக்கேன். எங்க அக்கா மகன் லீவுக்கு வந்தப்ப பைப்பர் கப் விமானத்தோட கிட் ஒண்ணைக் கொண்டுவந்து எங்க வீட்டுத் திண்ணையிலதான் கட்டினான். பைப்பர் கப்ங்கறது 1930-கள்ல வந்த மஞ்சள் நிற ரெண்டு பேர் விமானம். அதோட தம்பி விமானங்கள் அமெரிக்காவுல பயிருக்கு மருந்தடிக்கவும் பறந்திருக்கு.

வரைபடத்தைப் பலகையில விரிச்சு, மேல மெழுகுத் தாள் போட்டு, அந்தக் கோட்டு மேலயே குச்சிகளை வச்சுக் குண்டூசி குத்தி நிறுத்தறாங்க. உடம்போட ரெண்டு பக்கச் சட்டத்தையும் ஒண்ணு மேல ஒண்ணு வச்சே செய்யணும். இல்லேன்னா ஒரு பக்கம் மயிரிழை நீண்டு, விமானம் வாழைக்காய் மாதிரி வளைஞ்சிடும். இறக்கைக்கு ஒரு நீளமான விட்டம், அதுல வரிசையா விலா எலும்பு மாதிரி துண்டுகள். ஒவ்வொரு துண்டோட மேல்பக்கமும் ஒரே வளைவா இருக்கணும். அந்த வளைவுதான் விமானத்தைத் தூக்கறது. எல்லாம் ஒட்டிக் காய்ஞ்சப்புறம் காகிதம் போர்த்தி, லேசா தண்ணி தெளிப்பாங்க. காகிதம் காயக் காய இழுத்துப் பிடிச்சு உறுமி தோல் மாதிரி விறைச்சுக்கும். அதுக்கு மேல ஒரு வகை வார்னிஷ். இது பழைய முறை. இப்ப இஸ்திரிப் பெட்டி சூட்டுல ஒட்டற பிளாஸ்டிக் தாள் வந்திருக்கு.

எனக்கு அதிகம் பிடிச்சது அந்தக் கட்டைதான். பேரு பால்சா. ஈக்வடார் நாட்டுல இருந்து வருது. ஸ்பானிஷ்ல பால்சான்னா தெப்பம்னு அர்த்தம். நம்ம ஊர் இலவம்பஞ்சு மரத்துக்குச் சொந்தம், காய் வெடிச்சா அதே மாதிரி பஞ்சும் வரும். 6 முதல் 10 வருஷத்துல வெட்டிடலாம். காய்ஞ்ச தேக்கு ஒரு கன அடி 18 கிலோ வாக்குல இருக்கும். பால்சா 4, 5 கிலோதான். தஞ்சாவூர் நெட்டி வேலை பார்த்தவங்களுக்கு அந்த லேசு புரியும், ஆனா நெட்டியை விட இதுக்கு வலு அதிகம். ரெண்டாம் உலகப் போர்ல இங்கிலாந்துக்காரன் மஸ்கிட்டோன்னு ஒரு நிஜ குண்டுவீச்சு விமானத்தையே மெல்லிய ஒட்டுப்பலகைக்கு நடுவுல பால்சாவை வச்சுத்தான் செஞ்சான்.

நிஜ விமானத்தை அப்படியே சின்னதாக்கினா பறந்துடும்னு நினைப்போம். காத்து அதுக்கு ஒத்துக்காது. அளவு நாலுல ஒரு பங்கானா, இறக்கையோட பரப்பு 16-ல ஒரு பங்காகும், உடம்போட கொள்ளளவு 64-ல ஒரு பங்காகும். எதுவும் ஒரே கணக்குல சுருங்காது. அதனால பார்க்க அச்சு அசலா இருக்கணும், ஆனா பறக்கவும் வேணும்னு நினைக்கிறவங்க, வாலைக் கொஞ்சம் பெருசாக்குவாங்க, இறக்கை நுனியைக் கொஞ்சம் தூக்கி வைப்பாங்க. பார்க்கிறவங்க கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு.

கடைசி வேலை பாரம் பார்க்கிறது. இறக்கையோட முன்விளிம்புல இருந்து மூணுல ஒரு பங்குக்குள்ள ரெண்டு விரலை அடியில கொடுத்துத் தூக்கினா விமானம் சமமா நிக்கணும். "மாமா, வால் பக்கம் தொங்குது"ன்னான். மாட்டு வண்டி ஓட்டினவனுக்கு இதைச் சொல்லித் தர வேண்டியதில்லை. வைக்கோல் ஏத்தறப்ப பின்பாரமா போனா நுகத்தடி மேல தூக்கி மாட்டுக் கழுத்தை இறுக்கும். கொஞ்சம் முன்பாரமா இருந்தாத்தான் வண்டி அடங்கி வரும். "மூக்குல ஈயம் வைடா"ன்னேன். அவன் புத்தகத்துலயும் அதேதான் போட்டிருந்ததாம்.

இதுவரை சொன்னது கட்டற கதை. கையை விட்டுப் போன விமானத்தைக் கீழே இருந்து திருப்பறது வேற கதை. அமெரிக்காவுல வால்டர் குட், வில்லியம் குட்னு இரட்டைப் பிறவிகள். ஒருத்தருக்கு விமானம் தெரியும், ஒருத்தருக்கு ரேடியோ தெரியும். 1930-களோட கடைசியில 8 அடி இறக்கையோட 'கஃப்'னு ஒரு விமானத்தை ரேடியோவால ஓட்டினாங்க. 1940 தேசியப் போட்டியில முதல் பரிசு. அந்த விமானம் இப்ப அமெரிக்காவோட தேசிய விமான அருங்காட்சியகத்துல இருக்கு.

அந்தக் காலத்து ரேடியோவுல சின்ன விமானங்களுக்குப் பொதுவா ஒரே ஒரு பொத்தான்தான். ஒரு தடவை அழுத்தினா சுக்கான் வலது பக்கம், அப்புறம் நடு, அடுத்த தடவை இடது. சுக்கானை அசைக்கிற சக்திகூட முறுக்கின ரப்பர்தான், பெனோ காலத்து அதே ரப்பர். எத்தனை தடவை அழுத்தினோம்னு ஞாபகம் வச்சுக்கணும். பிற்பாடு பல வருஷம், ஒரே மைதானத்துல ரெண்டு பேர் ஒரே அலைவரிசையில ஓட்டினா ரெண்டும் கீழ விழும். அதனால ஆண்டெனாவுல கலர் துணி கட்டி, இந்த அலைவரிசை இப்ப என் முறைன்னு காட்டுவாங்க. வாய்க்கால்ல முறை வச்சுத் தண்ணி பாய்ச்சற மாதிரிதான்.

மிலிட்டரி சம்பந்தம் வர்றது இங்கதான். ரெஜினால்ட் டென்னின்னு ஹாலிவுட் நடிகர், முதல் உலகப் போர்ல விமானத்துல இருந்தவர். 1930-கள்ல ஹாலிவுட்ல விமானப் பொம்மைக் கடை வச்சு கிட் வித்தார். பீரங்கிக்காரங்க குறி பார்த்துப் பழக ஆளில்லாத விமானம் வேணுமேன்னு ராணுவம் தவிச்சப்ப, பெரிய சைஸ் பொம்மை ஒண்ணைச் செஞ்சு காட்டினார். போர் முடியறதுக்குள்ள அவர் ரேடியோபிளேன் கம்பெனி சுமார் 15,000 விமானம் செஞ்சு கொடுத்திருந்துச்சு. எல்லாம் சுட்டு விழுத்தறதுக்குன்னே பிறந்தவை. அந்தத் தொழிற்சாலையில நார்மா ஜீன்னு ஒரு இளம் பெண் வேலை பார்த்தாங்க. ராணுவப் பத்திரிகைக்காகப் படமெடுக்க வந்தவர் கேமராவுல பட்டு, பின்னால மர்லின் மன்றோ ஆனாங்க.

அதே போர்ல, 1942-ல, அமெரிக்கக் கடற்படை பள்ளிக்கூடப் பசங்ககிட்ட 5 லட்சம் மர விமானம் கேட்டது. 72-ல ஒரு பங்கு அளவு, கறுப்புச் சாயம். வானத்துல வர்றது நம்ம விமானமா எதிரி விமானமான்னு நிழலை வச்சே அடையாளம் கண்டுபிடிக்கப் பழகறதுக்கு. ராணுவம் பொம்மை செய்யறவங்களைத் தேடி வந்ததுங்கறதுதான் ரெண்டு கதையிலயும் விஷயம்.

வயலுக்கு எப்படி வந்துச்சு? ஆள் ஓட்டற விமானம் பயிருக்கு மருந்து போட்டது 1921-லயே, அமெரிக்காவுல ஒஹையோ மாநிலத்துல. ஆனா அதுக்குக் கண்ணுக்கெட்டின தூரம் ஒரே பயிர் வேணும். ஜப்பான்ல நம்மள மாதிரியே சின்னச் சின்ன நெல் வயல், பக்கத்துலயே வீடு, விவசாயம் பார்க்கறவங்களுக்கோ வயசாகிட்டிருந்துச்சு. அதுக்குள்ள ஜெர்மனியில டீட்டர் ஷ்லூட்டர்ங்கறவர் 1970 வாக்குல பொம்மை ஹெலிகாப்டரை ரேடியோவுல நிலையா பறக்கவிட்டுக் காட்டி, அதுக்கும் கிட் வந்திருந்தது. யமஹா கம்பெனி 1987-ல ஆளில்லாத ஹெலிகாப்டர் ஒண்ணைக் கொண்டுவந்தது. பேரு ஆர்-50. 20 கிலோ மருந்து சுமந்துக்கிட்டு வரப்புல நிக்கிற ஆள் சொன்னபடி பறந்தது. உலகத்துல நெல் வயலுக்குன்னு வந்த முதல் ஆளில்லாத பறக்கும் தெளிப்பான்களில் அது ஒண்ணு.

இப்ப நாம பார்க்கிற விசிறி வச்ச ட்ரோனும் அந்த வழிதான். சீனாவோட டிஜேஐ கம்பெனியை 2006-ல ஆரம்பிச்ச ஃப்ராங்க் வாங், சின்ன வயசுல ரிமோட் ஹெலிகாப்டர் பைத்தியம். கைக்கு வந்த ஹெலிகாப்டர் சீக்கிரமே விழுந்து உடைஞ்சது, அது தானா நிலையா நிக்கணும்னுதான் அவர் படிப்பே போச்சு. 2015-ல அந்தக் கம்பெனி 10 கிலோ சுமக்கிற விவசாய ட்ரோனை விட்டது. நம்ம குரோம்பேட்டை எம்.ஐ.டி. மாணவர்களோட தக்ஷா குழுவுக்கு நடிகர் அஜித் வழிகாட்டியா இருந்தது உங்களுக்கே தெரியும். அவரும் ரிமோட் விமானம் பறக்கவிடறதுல ஆசை உள்ளவர்தான்.

இதனால ஊருக்கு என்ன ஆச்சுன்னு சொல்லாம விட்டா இந்தச் சரித்திரம் அரைகுறை. முதுகுல டேங்க் கட்டி மருந்தடிச்சா ஏக்கருக்கு 200 லிட்டர் தண்ணி. சேத்துல நடந்து, அடிச்ச மருந்து பயிர்ல பட்டு நம்ம கால்லயே வழியும். காத்து திரும்பினா மூஞ்சியில. சாயங்காலம் தலைவலி, கண்ணெரிச்சல் இல்லாம வீட்டுக்குப் போன ஆள் கிடையாது. ட்ரோன் 10 லிட்டர்ல ஏக்கரை பத்து நிமிஷத்துக்குள்ள முடிச்சிடுது, ஆள் வரப்புல நிக்கிறார். ஆனா அந்தத் தலைவலிக்குக் கிடைச்ச கூலியும் போயிடுச்சு. எங்க தெருவுல முப்பது வருஷம் மருந்தடிச்ச அண்ணன் ஒருத்தர் இப்ப ட்ரோனுக்குத் தண்ணி கலந்து ஊத்தறார், பழைய கூலியில பாதிக்கு. "மூச்சு நல்லா விட முடியுது, அரிசிதான் பத்தல"ங்கிறார். ரெண்டும் உண்மை.

ஓட்டறவங்களுக்குச் சான்றிதழ் வேணும். சுய உதவிக் குழுப் பெண்களுக்கு ட்ரோன் கொடுக்கிற மத்திய அரசு திட்டத்துல 15,000 குழுன்னு சொல்லியிருக்காங்க. இந்த வேலை யார் கைக்குப் போகுதுங்கறதுதான் இனிமே முக்கியம். பட்டனை அமுக்க மட்டும் கத்துக்கிட்டா, ஒரு விசிறி உடைஞ்சாக்கூட பெட்டியில கட்டி டவுனுக்கு அனுப்பிட்டுப் பூச்சி வயலைத் திங்கறதைப் பார்த்துட்டு உக்காந்திருக்கணும். ரெண்டு போகத்துல இதை நான் பார்த்தாச்சு. கட்டத் தெரிஞ்சவன்தான் பிரிச்சுச் சரிபண்ணுவான். அந்தக் கை, கத்தியும் பசையுமா குண்டூசி குத்திக் குத்திப் பழகின கை.

எங்க ஊர்ப் பசங்களுக்குப் பால்சா வாங்க வசதி இல்ல. தெர்மாகோல் பெட்டியை அறுத்து, பழைய பொம்மை கார் மோட்டாரை வச்சு ஏதோ பண்றாங்க. வீட்டுல "விளையாட்டுப் புத்தி போகலை"ன்னு திட்டு விழுது. பெனோவுல இருந்து வாங் வரைக்கும் எல்லாருக்கும் அந்தப் புத்திதான் இருந்திருக்கு.

உங்க வீட்டுப் பிள்ளைங்க யாராவது இதுல கை வச்சிருந்தா, தை, மாசியில அறுவடை முடிஞ்சதும் கூட்டிட்டு வாங்க. தாள் மேல இறங்கினா விமானத்துக்கு அடி படாது. உளுந்து தெளிக்காத வயலா பார்த்து நான் காட்டறேன்.