மஞ்சள் தேநீர்க் கெண்டி

திஜோன் பந்தயத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் இரண்டாம் இடத்தைப் பற்றியே பேசுகிறார்கள். 1979 ஜூலை 1 அன்று பிரெஞ்சு கிராண்ட் பிரீயின் இறுதிச் சுற்றுகளில் ஃபெராரியின் ஜில் வில்நெவும் ரெனோவின் ரெனே ஆர்னூவும் சக்கரத்தோடு சக்கரம் உரச மோதிக்கொண்டார்கள். முடிவில் வில்நெவ் முந்தியது கால் வினாடிக்கும் குறைவாக. ஆனால் அவர்களுக்கு ஏறத்தாழ 15 வினாடிகள் முன்னதாகவே ஒருவர் கோட்டைக் கடந்திருந்தார். அவர் ழான்-பியேர் ழபூய். ஃபார்முலா ஒன்றில் டர்போ என்ஜின் கண்ட முதல் வெற்றி அது. வென்றவரை மறந்து தோற்றவர்களைக் கொண்டாடும் வழக்கம் காவியங்களுக்கு மட்டும் உரியதல்ல போலும்.

இதன் வேர் 1966-ஆம் ஆண்டின் விதியில் இருக்கிறது. மூன்று லிட்டர் கொள்ளளவுள்ள சாதாரண என்ஜின், அல்லது காற்றை அழுத்தி ஊட்டும் ஒன்றரை லிட்டர் என்ஜின், இரண்டில் எதையும் பொருத்தலாம். பதினோராண்டுகள் அந்த இரண்டாவது கதவை ஒருவரும் தட்டவில்லை. பாதிக் கொள்ளளவில் எவரோடு போட்டியிடுவது என்ற கணக்குதான் காரணமாக இருக்க வேண்டும்.

1977 ஜூலையில் ரெனோ தட்டியது. சில்வர்ஸ்டோனில் 21-ஆவது இடத்திலிருந்து கிளம்பிய ழபூயின் மஞ்சள் வண்ணக் கார், 16 சுற்றுகளில் டர்போ பழுதாகி நின்றது. அடுத்தடுத்த பந்தயங்களிலும் என்ஜின் வெடித்து வெண்புகை கக்க, ஆங்கிலேயர்கள் அதற்கு 'மஞ்சள் தேநீர்க் கெண்டி' என்று பெயர் சூட்டினார்கள்.

கேலி எளிது. கெண்டிக்குள் நடந்த போராட்டம் எளிதன்று. வெளியேறும் புகையின் விசையால் சுழலும் டர்பைன், உள்ளே வரும் காற்றை அழுத்துகிறது. அழுத்தப்பட்ட காற்று சூடேறும். அதை இன்டர்கூலரில் குளிர்வித்து, உள்ளிழுப்புக் குழாய்களின் வழியே ஆறு சிலிண்டர்களுக்கும் ஒத்த அளவில் பகிர வேண்டும். காற்று மிகுந்தால் எரிபொருளும் அதே விகிதத்தில் மிகவேண்டும். அன்று அதை அளந்து ஊட்டியது கணினியல்ல, கூகல்ஃபிஷர் என்னும் இயந்திரப் பம்பு. எங்கேனும் ஒரு சிலிண்டரில் எரிபொருள் குறைந்தால் வெப்பம் எல்லை மீறிப் பிஸ்டன் உருகும். இத்துடன் இன்னொரு தொல்லை: ஓட்டுநர் மிதித்ததும் டர்பைன் உடனே வேகம் பிடிப்பதில்லை. வளைவில் மிதித்த மிதி வளைவு முடிந்த பிறகு திடீரென்று பலிக்கும். அதை முன்கூட்டியே கணித்து மிதிக்கும் கலையை ழபூய் தாமே கற்றுக்கொண்டார். கற்றுத்தர அன்று எவரும் இல்லை.

1979 மார்ச்சில் தென்னாப்பிரிக்காவின் கயாலமியில் அவர் முதலிடத்திலிருந்து கிளம்பினார். கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1500 மீட்டர் உயரத்தில் காற்று மெலிந்து பிற என்ஜின்கள் திணறின. டர்போவுக்கு அந்தத் திணறல் குறைவு. சில மாதங்களில், ஒரு பெரிய டர்போவுக்குப் பதிலாக வி-6 என்ஜினின் பக்கத்துக்கொன்றாக இரண்டு சிறிய டர்போக்கள் வந்தன. சிறிய சக்கரம் விரைவில் சுழலும், தாமதம் குறைந்தது. அதன்பின் திஜோன்.

எனக்கு உறுத்துவது பின்கதைதான். 1983-இல் டர்போ என்ஜினுடன் உலகப் பட்டம் வென்ற முதல் ஓட்டுநர் நெல்சன் பிக்கே. அவருடைய பிராபம் காரில் இருந்தது பிஎம்டபிள்யூவின் என்ஜின். ரெனோவின் அலென் ப்ராஸ்ட் 2 புள்ளிகளில் பட்டத்தை இழந்தார். இறுதிப் பந்தயம் அதே கயாலமியில். ப்ராஸ்டின் கார் நின்றதற்குக் காரணமும் டர்போவே.

ழபூய் அப்போது களத்தில் இல்லை. 1980-இல் கனடாவில் கால் முறிந்து, மறு ஆண்டே ஓய்வு பெற்றிருந்தார். 49 பந்தயங்களில் அவர் புள்ளி பெற்றது மூன்றே முறை; அவற்றில் இரண்டு வெற்றிகள். 2023 பிப்ரவரியில் அவர் மறைந்தபோது ஃபார்முலா ஒன்றின் அத்தனை கார்களிலும் இருந்தவை வி-6 டர்போ என்ஜின்கள்.