கறவை மாடுகளுக்குக் கோமாரித் தடுப்பூசி: பக்கவிளைவுகளும் பாலின் பாதுகாப்பும்

கோமாரி நோயைத் தடுக்க, 2019ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட தேசிய கால்நடை நோய்க் கட்டுப்பாட்டுத் திட்டத்தின் கீழ், மாடுகளுக்கு ஆறு மாதங்களுக்கு ஒருமுறை இலவசமாகத் தடுப்பூசி போடப்படுகிறது. பால் குறையும் என்ற அச்சத்தால் சிலர் கறவைப் பசுக்களுக்கு இதனைத் தவிர்க்கின்றனர். இவ்வச்சம் தேவையற்றது.

எதிர்பார்க்கக்கூடிய விளைவுகள்

• ஓரிரு நாட்களுக்கு இலேசான காய்ச்சல், சோர்வு, தீவனம் எடுப்பதில் குறைவு.
• ஊசி போட்ட இடத்தில் வீக்கம் அல்லது சிறு கட்டி. இதனைத் தேய்க்கவோ கீறவோ கூடாது.
• சில நாட்களுக்குப் பால் அளவு குறைதல். பெரும்பாலும் ஒரு வாரத்திற்குள் பழைய அளவு திரும்பும்.

மாறாக, கோமாரி தாக்கிய பசுவிற்கு வாயிலும் குளம்பிலும் புண்கள் தோன்றும், மடிநோயும் தொடரலாம். அந்த ஈற்றில் இழந்த பால் முழுமையாகத் திரும்பாமலும் போகலாம். இளங்கன்றுகள் இதயம் பாதிக்கப்பட்டுத் திடீரென இறக்க நேரிடும்.

உடனடிக் கவனம் தேவைப்படும் அறிகுறிகள்

மிக அரிதாகக் கடும் ஒவ்வாமை ஏற்படலாம். மூச்சுத் திணறல், வாயில் நுரை, கண் இமை வீக்கம், நடுக்கம், கீழே விழுதல் ஆகியவை இதன் அறிகுறிகள். ஊசி போட்ட பின் அரை மணி நேரமாவது மாட்டைக் கண்காணியுங்கள். அறிகுறி தென்பட்டால் கால்நடை மருத்துவரை உடனே அழையுங்கள். தமிழ்நாட்டில் 1962 என்ற எண்ணிலும் உதவி பெறலாம்.

பாலை அருந்தலாமா?

அருந்தலாம். கோமாரித் தடுப்பூசியில் உள்ள நச்சுயிரி செயலிழக்கச் செய்யப்பட்டது. ஆகவே பாலைக் கொட்ட வேண்டியதில்லை. குழந்தைகள், கர்ப்பிணிகள், நோயாளிகள் உள்ள வீடுகளில் எப்போதும் போல் நன்கு காய்ச்சியே கொடுங்கள். மாட்டிற்கு நுண்ணுயிர்க்கொல்லி மருந்து தரப்பட்டிருந்தால் மட்டும், மருத்துவர் கூறும் நாட்கள் வரை அப்பாலைப் பயன்படுத்தவோ விற்கவோ கூடாது.

குழந்தைகளுக்கு வரும் கை, கால், வாய் நோய் வேறொரு நச்சுயிரியால் ஏற்படுவது. அதற்கும் மாட்டிற்கும் தொடர்பில்லை.

நினைவில் கொள்க

• நிறைமாதச் சினை, காய்ச்சல் அல்லது பிற நோய் இருப்பின், ஊசி போடும் முன்னரே மருத்துவரிடம் தெரிவியுங்கள்.
• மனிதருக்கான மாத்திரைகளை மாட்டிற்குக் கொடுக்காதீர்கள்.
• 4 முதல் 8 மாத வயதுடைய கிடாரிக் கன்றுகளுக்குப் போடப்படும் கன்று வீச்சு நோய்த் தடுப்பூசி, உயிருள்ள கிருமியைக் கொண்டது. அந்த ஊசி தவறுதலாக மனிதர் மீது குத்தினாலோ, மருந்து கண்ணில் தெறித்தாலோ, உடனே நன்கு கழுவி, தாமதமின்றி மருத்துவமனைக்குச் சென்று விவரத்தைக் கூறுங்கள்.