கழுத்துக் கட்டியும் சிடி20-யும்: ஒரு வரி ரிப்போர்ட்டின் வரலாறு

எனக்கு ஊர் பள்ளிபாளையம், தறிச் சத்தத்துல வளர்ந்தவன். எங்க மாமாவுக்குக் கழுத்துல நெல்லிக்காய் அளவு கட்டி வந்துச்சு. வலி இல்ல. சாயங்காலமானா காய்ச்சல், எடையும் குறைஞ்சுது. நம்ம நாட்டுல இதுக்கு முதல்ல டிபின்னுதான் தோணும். அதுல நியாயமும் இருக்கு, லிம்போமாவுக்கும் இதே அறிகுறிகள்தான். பல மாசம் டிபி மாத்திரை சாப்பிட்டும் கட்டி கரையல. அப்புறம்தான் பயாப்ஸி. ரிப்போர்ட்ல ‘சிடி20 பாசிட்டிவ்’னு ஒரு வரி. இன்னைக்கு அந்த வரியோட கதை.

1832-ல் லண்டன் டாக்டர் தாமஸ் ஹாட்ஜ்கின் இந்த நோய்களில் ஒன்றை வெறுங்கண்ணால் பார்த்தே விவரித்தார். பிறகு மைக்ரோஸ்கோப் கைகொடுத்தது. 1954-ல் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியில் அடையாறு புற்றுநோய் மருத்துவமனை தொடங்கியபோதும், செல்லின் வடிவத்தைப் பார்த்துத்தான் முடிவு சொல்லணும். சிக்கல் என்னன்னா, நோய் எதிர்ப்புச் செல்களான பி செல்லும் டி செல்லும் பார்க்க ஒரே மாதிரி இருக்கும்.

1975-ல் கேம்பிரிட்ஜில் கோலரும் மில்ஸ்டீனும் ஒரே வகை ஆன்டிபாடியை வேண்டிய அளவு தயாரிக்கும் வழியைக் கண்டுபிடித்தார்கள். அதற்கு பேட்டன்ட் எடுக்கப்படவே இல்லை! 1984-ல் நோபல் பரிசு கிடைத்தது. உலகெங்கும் ஆய்வகங்கள் ஆன்டிபாடிகளைத் தயாரித்து, ஆளுக்கொரு பேர் வைத்தன. அந்தக் குழப்பத்தைத் தீர்க்க 1982-ல் பாரிஸில் கூடி, ‘சிடி’ எண் கொடுக்கும் முறையைத் தொடங்கினார்கள்.

டெஸ்ட் எப்படின்னா, கட்டியை மெழுகில் பதித்து மெல்லிசா சீவி, மேலே ஆன்டிபாடியை விடுவாங்க. தேடுற மார்க்கர் இருந்தா அந்த செல் பழுப்பு நிறமாகும். சிடி3 இருந்தா பொதுவா டி செல், சிடி20 இருந்தா பி செல். ஹாட்ஜ்கின் நோயின் பெரிய செல்களில் பெரும்பாலும் சிடி30, சிடி15 தெரியும். ஆனா நல்ல நிணக்கட்டியிலும் சிடி20 செல்கள் உண்டு. அதனால ஒரு மார்க்கரை மட்டும் வச்சு முடிவு சொல்ல முடியாது. பல மார்க்கர்களையும் செல்லின் வடிவத்தையும் சேர்த்துத்தான் பார்ப்பாங்க.

1997-ல் சிடி20-யையே குறிவைக்கும் ரிட்டுக்சிமாப் மருந்துக்கு அமெரிக்கா அனுமதி கொடுத்தது. 2007-ல் ஐதராபாத்தின் டாக்டர் ரெட்டீஸ் அதே வகை மருந்தை இங்கேயே கொண்டுவந்தது. மாமாவுக்கு ஏறினதும் அந்த வகை மருந்துதான். இப்ப நல்லா இருக்கார்.

ஆனா போன மாசங்கள் போனதுதான். மாத்திரைக்குக் கட்டி கரையலைன்னா, “பயாப்ஸி பார்க்கலாமா டாக்டர்?”னு தயங்காம கேளுங்க. எடுத்த பிறகு அந்த மெழுகு பிளாக் பத்திரமா இருக்கான்னும் கேட்டுக்கோங்க. இன்னொரு டாக்டர்கிட்ட கருத்து கேட்கப் போனா, முதல்ல கேட்பது அதைத்தான்.